அக்கா கையெழுத்திட்ட நெல்

எங்கள் அக்கா கண்மூடி இன்றுடன் முப்பத்தொரு நாட்கள் ஆகின்றன. இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றிய கட்டுரையை நானே எழுத வேண்டும் என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டார்கள். அக்காவின் ஒரே உடன்பிறப்பு நான். கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் கடிதம் எழுதிப் பழகியவன் என்பதால் எனக்கு இது சுலபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அவற்றில் எழுதியிருந்தவை பொய் அல்ல. அக்காவின் அன்பு, பொறுமை, கடும் உழைப்பு எல்லாம் உண்மையே. ஆனால் அக்காவைக் கடைசி வரைக்கும் வருத்திய விடயம் அந்த மூன்றிலும் இல்லை. அதில் என் பங்கும் இருக்கிறது. ஆகவே இது நான்காவது தடவை. இதை வாசித்து யாருக்காவது மனம் நோகுமானால், அந்தக் குறை என்னுடையது, அக்காவினுடையது அல்ல.

அக்கா பிறந்தது கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஜெம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டார். எட்டு வருடங்கள் கழித்து நான் பிறந்தேன். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் ஒரு துண்டு வயல்கூட இருந்ததில்லை. அக்கா உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நாட்டில் அரிசிக்குப் பெரும் தட்டுப்பாடு. கூட்டுறவுக் கடை வாசலில் அக்காதான் எங்கள் குடும்பத்துக்காக வரிசையில் நின்றார். பள்ளிச் சீருடையோடு நின்று, அரிசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்படியே பாடசாலைக்கு ஓடுவார். வைத்தியம் படிக்கக்கூடிய பெறுபேறு வந்தும் அக்கா விவசாயம் படிக்கப் போகிறேன் என்றபோது சித்தப்பா முதலானோர் வீட்டுக்கே வந்து காரணம் கேட்டார்கள். கப்பல் வராவிட்டால் நாங்கள் எதைச் சாப்பிடுவது என்று அப்பாவிடம் கேட்டதாகவும், அவருக்குப் பதில் தெரியவில்லை என்றும் அக்கா சொன்னார். அதற்கு மேல் ஒரு விளக்கமும் தரவில்லை.

பல்கலைக்கழகம் முடித்ததும் அக்காவுக்கு அரசாங்க நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் பல மணி நேரப் பயணம். அங்கே இருந்த தமிழர்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். அக்கா ஆறே மாதத்தில் சிங்களத்தில் சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டதாக அப்பா பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் கொட்டாஞ்சேனை வீடு எரிந்தது. அப்பா, அம்மா, நான் மூவரும் அகதி முகாமில் இருந்தோம். அக்காவுக்கு என்ன நடந்தது என்று பதினொரு நாட்கள் எங்களுக்குத் தெரியாது. நிலையத்தில் அக்காவிடம் உதவியாளராக இருந்த குசுமா என்ற சிங்களப் பெண் அக்காவைத் தன் கிராமத்துக்குக் கூட்டிச்சென்று, தன் சொந்தச் சகோதரி என்று சொல்லி வீட்டில் வைத்திருந்தார். முகாமில் இருந்தபோது அப்பா என்னிடம் சொன்ன ஒரு வசனம் என் நெஞ்சில் பதிந்துவிட்டது. "இனி எங்கட பேரை ஒருத்தரும் ஞாபகம் வைச்சிருக்கிற மாதிரி நடக்கக் கூடாது." அதன் பின்னர் அப்பா இரண்டு வருடங்கள்கூட இருக்கவில்லை. அக்கா எங்களுக்கு வெள்ளவத்தையில் ஒரு சிறிய வீடு பார்த்தார், என்னைப் படிக்க வைத்தார், தன் வேலைக்குத் திரும்பினார். உறவினர்களில் பாதிப் பேர் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். அக்காவுக்கும் வெளிநாட்டில் படித்துக்கொண்டே வேலை செய்ய இடம் கிடைத்திருந்தது. போகவில்லை. நட்டுவைத்த கன்றை யார் பார்ப்பது என்றார். திருமணப் பேச்சுக்கும் ஏறக்குறைய அதே பதில்தான்.

அக்கா என்ன வேலை செய்தார் என்று உறவினர்கள் பலருக்குக் கடைசி வரை சரியாகத் தெரியாது. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

நெல்லுக்கு வரும் பூச்சிகளில் கபில நிறத் தத்தி என்று ஒன்று உண்டு. கிழக்கு மாகாணத்தில் அதை அறக்கொட்டி என்பார்கள். அரிசிமணி அளவுகூட இல்லாத அந்தப் பூச்சி நெற்பயிரின் அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். வயல் வட்டம் வட்டமாகத் தீப்பட்டதுபோல் காய்ந்துபோகும். மருந்து அடிக்க அடிக்க, அதைத் தின்னும் சிலந்தியும் மற்றப் பூச்சிகளும் செத்து, தத்தி இன்னும் பெருகும். ஆகவே தத்தி உறிஞ்சினாலும் தாங்கி நிற்கக்கூடிய நெல்லை உருவாக்க வேண்டும். பழைய சிவப்பு நெல் இனம் ஒன்றுக்கு அந்தக் குணம் இருந்தது. ஆனால் அது உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. அக்கா அதை நல்ல விளைச்சல் தரும் நெல்லோடு கலந்தார். பின்னேரத்தில் ஒவ்வொரு பூவின் நுனியையும் சிறு கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, கதிருக்குக் கடதாசி உறை போடுவார். மறுநாள் காலையில் மற்ற நெல்லின் மகரந்தத்தை அதன்மேல் உதறுவார். வரும் விதையை நட்டு, நல்லதைத் தெரிந்து, மறுபடி கலந்து, மறுபடி நட்டு, இப்படிப் பதினைந்து வருடங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைக்கு வருவார், ஞாயிறு பின்னேரம் திரும்புவார். அந்த இடைவெளியில் எங்கள் மகளுக்குத் தலை பின்னிவிடும்போதுகூட அவர் விரல்கள் பூவைத் தொடுவதுபோலவே இருக்கும் என்று என் மனைவி சொல்வார்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் அந்த நெல் தயாரானது. நிலையத்தின் கூண்டுகளில் வளர்த்த தத்திகளை விட்டுச் சோதித்தபோது பக்கத்து வரிசை நாற்றுக்கள் எல்லாம் செத்தன. அக்காவின் நெல் பச்சையாகவே நின்றது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். அக்காவுக்கு மட்டும் ஒரு யோசனை. கூண்டில் வளர்ந்த தத்திகள் பல வருடங்களாக ஒரே இடத்தில் ஒரே பயிரைத் தின்று வந்தவை. உண்மையான வயலில் இருப்பவை வேறு மாதிரி இருக்கலாம். எனவே குசுமாவையும் கூட்டிக்கொண்டு கிழக்குக்குப் போய், அங்குள்ள வயல்களில் தத்திகளைப் பிடித்து, வலை கட்டிய போத்தலில் நாற்றோடு வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கொண்டுவந்தார். சோதனைச் சாவடியில் போத்தலைத் திறக்கச் சொன்ன இராணுவ வீரருக்கு அரை மணி நேரம் விளக்கம் சொல்லவேண்டி வந்ததாம்.

அந்தத் தத்திகளை மூன்று தட்டு நாற்றுக்களில் விட்டார். ஒரு தட்டில் அக்காவின் நெல் முழுவதும் செத்தது. மற்ற இரண்டிலும் மஞ்சளாகி, உயிரோடு நின்றது.

அக்கா இன்னும் இரண்டு போகம் அவகாசம் கேட்டார். வேறு வேறு இடங்களிலிருந்து தத்தி கொண்டுவந்து சோதிக்க வேண்டும் என்றார். நிலையத்தில் அப்போது மேலதிகாரியாக இருந்தவர் மறுத்தார். பஸ் பயணத்தில் நாற்று வாடியிருக்கும், அந்த ஒரு தட்டில் பூச்சி அளவுக்கு அதிகமாக விழுந்திருக்கும் என்றார். இந்தப் பெரும்போகத்துக்கே நெல் கிழக்குக்குப் போகவேண்டும் என்று மேலிடத்தில் எதிர்பார்க்கிறார்கள் என்றார். பிறகு, ஒரு தமிழ் உத்தியோகத்தர் கிழக்கு மக்களுக்குப் போகவேண்டிய நெல்லைத் தடுத்து வைத்திருக்கிறார் என்று யாரும் கதைத்துவிடக் கூடாது பாருங்கள் என்று மிகவும் அன்பாகச் சொன்னாராம். அக்கா கையெழுத்திடவேண்டிய பரிந்துரைப் படிவத்தைக் கையில் கொடுத்து, திங்கட்கிழமை தந்தால் போதும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அந்த ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா இவ்வளவையும் என்னிடம் சொன்னார். என் மனைவி மகளோடு கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா சோற்றைப் பிசைந்தபடி இருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

"நீ என்ன சொல்லுறாய் தம்பி?" என்று கேட்டார். அக்கா தன் வேலை விடயத்தில் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"போட்டிட்டு விடுங்கோ அக்கா" என்றேன். "இன்னும் மூண்டு வருசம்தானே சேவிஸ் இருக்கு. எங்களுக்கேன் இந்த வில்லங்கம்?"

"பிழைச்சுதெண்டா?"

"பிழைச்சா அது பூச்சியின்ர வேலை. உங்கட பிழை எண்டு ஆர் சொல்லப்போகினம்?"

அக்கா எழுந்து கை கழுவினார். திங்கட்கிழமை காலை நிலையத்துக்குப் போய்க் கையெழுத்திட்டார்.

அப்போது என் மனதில் அப்பா முகாமில் சொன்னதுதான் இருந்தது. கிழக்கில் நெல் விதைப்பவர்களைப் பற்றி நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. இன்று எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அந்த நேரத்தில் அவர்கள் என் நினைவில் இருந்ததாகச் சொல்ல முடியவில்லை.

முதல் சில போகங்கள் நெல் நன்றாக விளைந்தது. வயல் விழா வைத்தார்கள். அக்கா கதிரைக் கையில் பிடித்தபடி நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது. அதை நான் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன். அக்கா வந்து பார்த்துவிட்டுக் கழற்றச் சொன்னார். கூச்சத்தினால் சொல்கிறார் என்று எண்ணிக் கழற்றாமலே விட்டுவிட்டேன்.

ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தபோது கிழக்கிலிருந்து ஒரு விவசாயப் போதனாசிரியர் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். நெல் கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நிற்கும்போது வட்டம் வட்டமாகக் காய்கிறது என்றார். துணைக்கு வா என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு பஸ் ஏறினோம்.

காலையில் அந்த வயல்வெளியின் வரம்பில் போய் நின்றோம். பச்சைக்கு நடுவே பெரிய பெரிய வட்டங்களாக வைக்கோல் நிறம். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, பயிரை இரண்டு பக்கமும் விலக்கினார். அடித்தண்டு தெரியாத அளவுக்குத் தத்தி. தண்டை ஒரு தட்டுத் தட்டினார். தவிடு கொட்டியதுபோலத் தண்ணீரில் விழுந்து பரவின.

அந்த வயலின் சொந்தக்காரர் மஜீத் என்பவர். ஐம்பது வயதிருக்கும். அவர் கோபப்பட்டுப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"இது அறக்கொட்டி அடிக்காத நெல்லு எண்டுதானே மிஸ் சொன்னாங்க" என்றார். "நான்தான் வெளி முழுக்க ஆக்களுக்குச் சொல்லி விதைக்க வெச்சன். இப்ப பள்ளிவாசல்ல என்னோட ஒருத்தரும் கதைக்கிறல்ல."

போதனாசிரியர் காலநிலை, பசளை என்று ஏதோ காரணம் சொல்லத் தொடங்கினார். அக்கா அவரைக் கையால் நிறுத்தினார்.

"எனக்கு முதலே தெரியும்" என்றார். "உங்கட வெளித் தத்தியை விட்டுப் பாத்த சோதினையில ஒரு தட்டில இந்த நெல்லு முழுக்கச் செத்தது. அதைக் கண்டுகொண்டும் நான் கையெழுத்துப் போட்டனான்."

மஜீத் காய்ந்த பயிர் ஒன்றைப் பிடுங்கிக் கையில் எடுத்தார். பிறகு கேட்டார்: "அப்ப எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மிஸ். பாதியிலயாவது வேற நெல்லு விதைச்சிருப்பம்."

அக்கா சேற்றிலிருந்து வரம்பில் ஏறினார். நானும் மூன்றடி தூரத்தில் அதே வரம்பில்தான் நின்றேன். தம்பி சொல்லித்தான் போட்டேன் என்று அக்கா சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. வெயில் ஏறுகிறது, பஸ்ஸுக்குப் போங்கள் என்று மஜீத்தான் எங்களை அனுப்பிவைத்தார்.

திரும்பி வந்ததும் அக்கா ஓர் அறிக்கை எழுதினார். மூன்று தட்டுக்களிலும் என்ன கண்டார், எந்த நாளில் எத்தனை நாற்றுச் செத்தது, யாரிடம் சொன்னார், அதன் பின்னும் எப்படிக் கையெழுத்திட்டார் என்று ஒன்றும் விடாமல் எழுதினார். கணினியில் அடித்துக் கொடுத்தவன் நான். கடைசிப் பக்கத்தில் ஒரு வசனம் இருந்தது. இந்தத் தீர்மானத்தை எவருடைய வற்புறுத்தலாலோ ஆலோசனையாலோ எடுக்கவில்லை, முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று. நான் அடிப்பதை நிறுத்தினேன்.

"இது உண்மை இல்லையே அக்கா" என்றேன்.

"நீ அடி" என்றார்.

நான் அடித்தேன். மறுத்திருக்கலாம். உண்மையைச் சொல்வதென்றால், அந்த வசனத்தை அடித்து முடித்தபோது என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்படி இறங்கியதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அறிக்கை கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. வேறொன்றும் வரவில்லை. நிலையத்தில் அக்காவுக்குப் பிரியாவிடை வைக்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் சிலர் நிலையத்தின் பெயரைக் கெடுத்துவிட்டார் என்று பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். சில வருடங்களுக்குப் பின்னர், புதிய நெல் எதையும் வெளியிடுமுன் வெவ்வேறு மாவட்டங்களின் வயல்களில் பிடித்த தத்திகளைக்கொண்டு சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று குசுமா அறிந்து சொன்னார். அது அக்காவின் அறிக்கையால் நடந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. அக்காவும் அப்படி நினைத்து ஆறுதல் பட்டதாகத் தெரியவில்லை.

ஓய்வு பெற்றபின் அக்கா எங்களோடு வெள்ளவத்தையிலேயே இருந்தார். ஒவ்வொரு போகமும் பயிர் குடலைக்கு வரும் காலத்தில் மஜீத்துக்குத் தொலைபேசி எடுப்பார். முதல் இரண்டு போகங்கள் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அக்கா விடவில்லை. மூன்றாவது போகம் எடுத்தார். பயிரை விலக்கி அடியைப் பார்த்தீர்களா, யூரியாவை அளவுக்கு மேல் போட்டுவிட்டீர்களா, ஆரம்பத்திலேயே மருந்து அடித்துச் சிலந்தியைக் கொன்றுவிடாதீர்கள், வெளி முழுவதும் ஒரே நெல்லை விதைக்க விடாதீர்கள் என்று அக்கா பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பார். காலப்போக்கில் மஜீத்தே எடுக்கத் தொடங்கினார். ஆனால் அவர்களுக்குள் சுகம் விசாரிக்கும் பழக்கம் கிடையாது. நெல்லைப் பற்றிக் கதைத்து முடிந்ததும் இரண்டு பேரும் வைத்துவிடுவார்கள்.

சென்ற வருடம் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. காலம் பிந்திவிட்டதாக வைத்தியர்கள் சொன்னார்கள். அக்கா அழவில்லை. வலி கூடிய நாட்களில் மட்டும் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். கடைசிக் கிழமையில் ஒரு காலைப்பொழுது, மனைவி கஞ்சி எடுக்கப் போன நேரம், நான் கட்டிலருகே இருந்தேன். பத்து வருடமாகச் சொல்லாததை அன்று சொன்னேன். அன்றைக்கு நான் அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அக்கா கண்களைத் திறந்து என்னைப் பார்த்தார். குரல் மிகவும் மெலிந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"நீ என்ன சொல்லுவாய் எண்டு தெரிஞ்சுதான் தம்பி உன்னட்டக் கேட்டனான். போடாதேங்கோ எண்டு சொல்லக்கூடிய ஆள் குசுமா. அவளட்ட நான் கேக்கேல்லை."

சிறிது நேரம் மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "பதினைஞ்சு வருசம். எனக்கும் அது வயலில நிக்கிறதைப் பாக்கோணும் எண்டு இருந்தது."

அதற்குள் கஞ்சி வந்துவிட்டது. இரண்டு கரண்டி குடித்தார். பிறகு அந்த விடயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அக்காவின் உயிர் அமைதியாகப் பிரிந்தது. அக்கா சொன்னது என்னை விடுவிப்பதற்கா, அல்லது அதுதான் உண்மையா என்று இந்த முப்பத்தொரு நாட்களும் யோசித்துவிட்டேன். இரண்டுமாக இருக்கலாம். என் பங்கு அதனால் குறையவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

அக்காவின் நோய்க்காலத்தில் பராமரித்த வைத்தியர்கள், தாதியர்கள் அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. தன் தாயைப்போல் அக்காவைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும், வேலையை விட்டு வந்து மாமியின் அருகிலேயே இருந்த எங்கள் மகளுக்கும், படியிறங்கி வந்து துணைநின்ற மாடிவீட்டு அயலவர்களுக்கும், கனத்தை மயானம் வரை வந்து விடைகொடுத்த உறவினர், நண்பர்களுக்கும் கடமைப்பட்டுள்ளோம். எழுபதைத் தாண்டிய வயதில், முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி வந்து, அக்காவின் தலைமாட்டில் கடைசி வரை நின்ற குசுமா அவர்களுக்கு எந்த மொழியில் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒருவர் இருக்கிறார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த நாளொன்றில் அக்காவின் தொலைபேசி ஒலித்தது. மஜீத். செய்தியைச் சொன்னேன். அவர்களுடைய முறைப்படி இறைவனை நினைத்துச் சில வார்த்தைகள் சொன்னார். பிறகு, நீங்கள் யார் என்று கேட்டார். தம்பி என்றேன்.

"அண்டைக்கு வரம்பில நிண்டது நீங்கதானே?"

"ஓம்" என்றேன்.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கையெழுத்திடச் சொன்னவன் நான்தான் என்று சொல்வதற்கு எனக்கு அது நல்ல தருணம். இருந்தும் முடியவில்லை. விலாசத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மஜீத் அவர்களுக்கும், அந்த வெளியில் அக்காவின் நெல்லை நம்பி விதைத்த அனைவருக்கும் இங்கே நன்றி சொல்வது பொருந்தாது. அன்று என் அக்காவிடம் கையெழுத்திடச் சொன்னவன் நான். அக்காவின் அறிக்கையில் அந்த இடம் வேண்டுமென்றே மறைக்கப்பட்டிருக்கிறது; நான்தான் அதைத் தட்டச்சு செய்தேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த மலரின் முதல் பிரதியை நாளை காலை வெள்ளவத்தைத் தபாலகத்தில் மஜீத் அவர்களின் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் சேர்க்கிறேன்.

பிரிவால் துயருறும்
தம்பி
வெள்ளவத்தை